குப்பை வண்டியின் பின்னே, வாய்க்கால் வரை

காலை ஆறரை மணி. தஞ்சாவூர் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் பேட்டரி வண்டி திரும்புகிறது. விசில் சத்தம் கேட்டதும் சில வீடுகளின் கதவு திறக்கிறது. சில வீடுகளில் திறக்கவில்லை. வண்டியில் ஒரு பச்சை டிரம், ஒரு நீல டிரம். பக்கவாட்டுக் கம்பியில் இரண்டு சாக்குகள் தொங்குகின்றன. ஒன்று பால் கவருக்கு, இன்னொன்று பாட்டிலுக்கு. வண்டியோடு நடந்து வரும் தூய்மைப் பணியாளருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். யார் வீட்டில் எத்தனை பேர், எந்த மாடியில் யார் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

முதல் வீட்டில் ஒரு பாட்டி இரண்டு வாளிகளை வாசற்படியில் வைத்திருக்கிறார். ஒன்றில் காய்கறித் தோலும் காபித் தூளும். மற்றதில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பால் கவர்கள். “இந்தம்மா மாதிரி பத்து வீடு இருந்தா எங்க வேலை பாதியாயிடும்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பணியாளர் இரண்டையும் கொட்டுகிறார். இரண்டு வாளியும் திரும்பப் படியேற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த வீட்டிலிருந்து வருவது இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு கேரி பேக். அவர் அதை அப்படியே டிரம்மில் போடவில்லை. கையுறையைக் கழற்றுகிறார். ஏன் என்று கேட்டேன். “இதைப் போட்டுக்கிட்டு முடிச்சை அவுக்க முடியலையே சார். வழுக்குது.” வெறும் விரலால் முடிச்சைப் பிரிக்கிறார். உள்ளே ரசம் ஊறிய சோறு, முருங்கைச் சக்கை, இரண்டு ஷாம்பூ பாக்கெட், ஒரு மாத்திரை அட்டை, சோற்றுக்குள்ளே ஒரு சவர ப்ளேடு. ப்ளேடை இரண்டு விரலால் எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுகிறார். அவருடைய ஆட்காட்டி விரலில் பழைய வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. சோற்றை உதறிப் பச்சையில் தட்டுகிறார். ஷாம்பூ பாக்கெட் நீலத்துக்குப் போகிறது. கையை அங்கேயே தெருக்குழாயில் கழுவிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்கிறார்.

வீட்டுக் குப்பையைப் பிரிக்கிற வேலையை யாராவது ஒருவர் எங்காவது செய்துதான் ஆக வேண்டும். சமையலறையில் அது நடக்காவிட்டால் இந்தக் கைதான் செய்கிறது. குப்பையைப் பிரித்து வாங்கும் முறைக்குத் தஞ்சையில் இப்போது நடந்துவரும் மாற்றத்தின் மொத்தப் பாரமும் அந்த முடிச்சில் இருக்கிறது என்று அந்தச் சந்தில் நின்றபோது பட்டது. இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சட்டம் ஒன்றும் புதிதல்ல. குப்பையைத் தரம் பிரித்து வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2000-லேயே வந்துவிட்டது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைத் தெளிவாக்கின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, பெயின்ட் டப்பா, மருந்து, பேட்டரி போன்ற வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அவை கூறின. நாப்கின், டயப்பர் போன்றவற்றைத் தனியாகச் சுற்றித் தர வேண்டும். சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்பதும் அவற்றில் இருந்தது. உறையோடு வரும் பாக்கெட்டுகள் உண்டு. அந்த உறை உறையாகவே பயன்படுவதை இந்தச் சந்தில் நான் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றித் தந்த வீடுகள் இருந்தன. அதுவே பெரிய உபகாரம் என்றார் அந்தப் பணியாளர்.

தஞ்சாவூருக்கு 1866-லேயே நகராட்சி வந்துவிட்டது. 2014-ல் மாநகராட்சி ஆனது. இன்று 51 வார்டுகள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 லட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் நெடுங்காலம் குப்பை என்றால் தெருமுனைத் தொட்டிதான். எந்நேரமும் போய்க் கொட்டலாம். யார் கொட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டு நகரங்களில் அந்தத் தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, வீடு வீடாக வாங்கும் முறைக்கு மாறினார்கள். பலருக்கு இது பிடிக்கவில்லை. சந்து முனையில் தொட்டி இருந்த இடத்தில் ஒருவர் கோலம் போட்டு, மாடத்தில் விளக்கும் வைத்திருக்கிறார். அங்கே யாரும் கொட்டுவதில்லை. எதிர்ப்புறச் சுவரோரம் மட்டும் இரவில் பைகள் வந்து விழுகின்றன.

பை போடுகிறவர்களைத் திட்டிவிட்டுப் போவது எளிது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஏழு மணிக்கே பூட்டு விழுந்துவிடுகிறது. வண்டி அங்கே போய்ச் சேர்வது ஏழரைக்கு. “கேட்டுல மாட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்றேன். மாட்டுறாங்க. நாய் இழுத்துப் போட்டுடுது” என்கிறார் பணியாளர். வாசலில் கொக்கி வைத்த மூடி போட்ட வாளி ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் முடிந்துவிடும். வீட்டுக்கு ஒரு வாளி என்பது ஒரு மாநகரத்துக்குப் பெரிய செலவும் அல்ல.

இங்கிலாந்தில் 2026 மார்ச் மாத முடிவுக்குள் எல்லா வீடுகளிலும் உணவுக் கழிவை வாரம் ஒருமுறை தனியாக வாங்க வேண்டும் என்று அரசு சொன்னது. அங்கே அது பெரிய மாற்றம். பல ஊர்களில் புது வாளியும் புது வண்டியும் தேவைப்பட்டன. ஆனால் வாரம் ஒருமுறை என்பது அந்தக் குளிருக்குத்தான் பொருந்தும். தஞ்சையின் வைகாசி வெயிலில் காலையில் வடித்த கஞ்சி மதியமே புளித்துவிடுகிறது. மக்கும் குப்பையைத் தினமும் எடுத்தே ஆக வேண்டும். மக்காததற்கு அந்த அவசரம் இல்லை. அதனால்தான் இங்கே பல ஊர்களில் அதைப் புதன்கிழமை மட்டும் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஏற்பாடு அருமையானது. அது எங்கெங்கே தளர்ந்துபோனது என்று பார்த்தால், புதன்கிழமை தவறாமல் வண்டி வராத இடங்களாகவே இருக்கும். ஒரு புதன் வராமல் போனால் அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் ஒரே பைக்குள் போய்விடுகிறது.

வண்டியின் பின்னாலேயே காமராஜர் மார்க்கெட் பக்கம் நடந்தேன். முட்டைக்கோஸ் இலை, கீரைத் தண்டு, வாழைத்தார்க் காம்பு என்று மலை மலையாகக் கிடக்கிறது. இந்தக் குப்பையில் கலப்படம் குறைவு. உரத்துக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது.

பூக்காரத் தெருவில் நிலைமை வேறு. தஞ்சாவூர்க் கதம்பம் வாழை நாரில் தொடுப்பது. மருவும் மரிக்கொழுந்தும் சேர்த்து, ஈரமாக ஊறவைத்த நாரால் கட்டினால் பூவோடு சேர்ந்து நாரும் மக்கிவிடும். இப்போது பாதிக்கு மேல் நைலான் நூல். மாலையில் ஜிகினாத் தாள், தெர்மாகோல் உருண்டை, பிளாஸ்டிக் ரோஜா. பார்வைக்குப் பூக்குப்பைதான். ஆனால் இதை அரைக்கும் இயந்திரத்தில் போட்டால் நூல் போய்த் தண்டில் சுற்றிக்கொள்கிறது. நுண் உரக்கூடத்தில் ஒருவர் இயந்திரத்தை நிறுத்தி, கொக்கி வைத்த கம்பியால் அந்த நூலை இழுத்து அறுத்துக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். ஒரு முழம் வெளியே வந்தால் இன்னும் இரண்டு முழம் உள்ளே இருக்கிறது. கதம்பத்துக்குப் பெயர்போன ஊரில் நாருக்குப் பஞ்சம் இல்லை. ஆற்றைத் தாண்டினால் திருவையாறு, கண்டியூர் எங்கும் வாழைத் தோட்டம். பூக்கடைக்காரர்கள் நாருக்குத் திரும்பினால் இந்த இயந்திரம் நாள் முழுக்க ஓடும்.

நுண் உரக்கூடம் என்பது சுற்றுச்சுவரும் தகரக் கூரையும் போட்ட ஒரு கொட்டகை. உள்ளே வரிசையாகச் செங்கல் தொட்டிகள். காற்றுப் போக, சுவரில் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அரைத்த காய்கறிக் கழிவை ஒரு அடுக்குப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, மேலே இன்னொரு அடுக்கு. இரண்டு மூன்று நாளில் சூடு ஏறிவிடும். பணியாளர் ஒருவர் மண்வெட்டியால் குவியலின் நடுவைக் கிளறிக் காட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. கையை அருகில் கொண்டுபோனால் தாங்கவில்லை. அந்தச் சூட்டில்தான் புழு முட்டையும் களை விதையும் சாகின்றன. நாற்றம் எதிர்பார்த்துப் போனேன். தொட்டிகளில் ஈர மண் வாடைதான் வந்தது. அவ்வப்போது புரட்டிப்போட்டு, நாற்பது, ஐம்பது நாள் கழித்து உலர்த்திச் சலிக்கிறார்கள். நகர உரம் என்று விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும் என்பது அரசின் உரத் தரக்கட்டுப்பாட்டு ஆணை. சல்லடையில் மேலே தங்கியதைப் பார்த்தேன். மாங்கொட்டை, தேங்காய் நார், ஒரு பேனா மூடி, பல் துலக்கும் பிரஷ்ஷின் தலை, நான்கைந்து ஷாம்பூ பாக்கெட்டுகள்.

உரக்கூடம் வந்த உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊரின் பழைய குப்பை வேறு இடத்தில் கிடக்கிறது. சீனிவாசபுரத்தை ஒட்டிய ஜெபமாலைபுரத்தில்தான் நகரத்தின் கிடங்கு. பல ஆண்டுகள் பிரிக்காமல் கொட்டிக் கொட்டி மேடாகிப்போனது. கோடையில் தீப்பிடித்தால் நாள் கணக்கில் புகையும்; சுற்றியிருக்கும் வீடுகளில் ஜன்னலைத் திறக்க முடியாது. குப்பை மலைகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் முறை இங்கும் வந்தது. பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, உலர்த்தி, சுழலும் பெரிய உருளைச் சல்லடையில் ஓட்டுகிறார்கள். கீழே மண் மாதிரி ஒன்று இறங்குகிறது. மேலே பிளாஸ்டிக்கும் துணியும் நிற்கின்றன. கல், கண்ணாடி, இரும்பு தனி. எரியக்கூடிய பிளாஸ்டிக்கைச் சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவது நாடு முழுக்க உள்ள வழக்கம். கும்பகோணத்தில் கரிக்குளம் கிடங்கில் இந்த வேலை பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. திருச்சி அரியமங்கலத்தில் 47 ஏக்கர் மலையைக் கரைத்தார்கள்.

கரைப்பது அவசியம்தான். ஆனால் கவனித்தாக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பழையதைத் தோண்டும்போதே பக்கத்தில் புதிதாகக் கலந்த குப்பை வந்து விழுந்தால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. சந்தில் அந்தப் பணியாளர் அவிழ்க்கும் முடிச்சும் ஜெபமாலைபுரத்து மேடும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

தமிழ்நாட்டில் நகராட்சிக் கிடங்குகளுக்கு உரக்கிடங்கு என்ற பெயரும் உண்டு. ஒரு காலத்தில் அங்கே நிஜமாகவே உரம்தான் இருந்தது. சாம்பல், எச்சில் இலை, மாட்டுத் தொழுவக் கூளம், தெருப் பெருக்கல் என எல்லாமே மக்கக்கூடியவை. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் கிராமத்திலிருந்து மாட்டுவண்டிகள் வந்து குப்பை ஏற்றிக்கொண்டு போகும். வயலில் குப்பை அடிப்பது உழவுக்கு முந்தைய வேலை. பிளாஸ்டிக் நுழைந்த பிறகு அந்த வண்டிகள் வருவது நின்றுபோனது. வயலுக்கும் ஊருக்கும் நடுவே இருந்த பாதை அங்கேதான் அடைபட்டது. அது மீண்டும் திறக்குமா என்று பார்க்கத்தான் அடுத்து ஊருக்கு வெளியே போனேன்.

போகிற வழியில் கரந்தைப் பக்கம் வடவாற்றுப் பாலத்தில் நின்றேன். ஜூன் தொடக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இல்லை. படுகையில் அங்கங்கே கேரி பேக், டயப்பர், தெர்மாகோல் தட்டு. பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. இரண்டும் தேவையான நடவடிக்கைகள். ஆனால் கறிக்கடையிலும் பூக்கடையிலும் மெல்லிய பை இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது, அதன் முடிவிடம் இந்த ஆறாக இருக்கிறது.

கொஞ்சம் கீழே தூர்வாரும் இயந்திரம் நின்றது. வாய்க்காலிலிருந்து வாரிய சேற்றைக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். சேற்றோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் கரையேறியிருக்கிறது. முதல் மழையில் பாதி திரும்ப உள்ளே சரியும். தண்ணீர் திறந்ததும் முதலில் மிதந்து வருவது குப்பைதான். மதகில் வந்து அடைத்துக்கொள்ளும். வாய்க்கால் கடைசியில் இருக்கிறவர்கள் கம்பும் கையுமாக வந்து எடுத்துவிட்டால்தான் தண்ணீர் ஏறும். கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று பேசும்போது நாம் மேட்டூரையும் கர்நாடகத்தையும் பற்றித்தான் பேசுகிறோம். மதகில் அடைத்து நிற்கும் பைகளைப் பற்றியும் பேச வேண்டும். அதற்குத் தீர்வு நம் கையிலேயே இருக்கிறது.

வடவாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம். ஊராட்சியில் தூய்மைக் காவலர் ஒருவர் மிதிவண்டியில் குப்பை எடுக்கிறார். மாதம் 5,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யச் சொல்வது நியாயமே இல்லை. கிராமத்தில் மக்கும் குப்பை பிரச்சினை இல்லை. மாடும் எருக்குழியும் பார்த்துக்கொள்கின்றன. சிப்ஸ் கவரையும் எண்ணெய் பாக்கெட்டையும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பழைய இரும்புக் கடைக்காரர் தொடமாட்டார். பிளாஸ்டிக்கைத் தூளாக்கித் தாரோடு சேர்த்துச் சாலை போடலாம் என்று மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் செய்துகாட்டி, 2018-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். தூளாக்கும் இடத்துக்கு ஊர் ஊராகப் போய் எடுத்துச் செல்ல வண்டி வேண்டும். அது மாதக்கணக்கில் வராமல் போனால் சாக்குகள் வாய்க்கால் கரையில் வைத்துக் கொளுத்தப்படுகின்றன.

கேரளத்தில் இந்த இடைவெளியை நிரப்பியது ஹரித கர்ம சேனை. பெண்கள் வீடு வீடாக வந்து, மக்காததை மட்டும் வாங்கிக்கொண்டு, கட்டணமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆலப்புழையில் மாற்றம் போராட்டத்திலிருந்து வந்தது. நகரக் குப்பையைக் கொட்டி வந்த சர்வோதயபுரத்து மக்கள் 2012-ல் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லாமல் போன பிறகுதான் நகரம் தெருத் தெருவாக உரத்தொட்டி கட்டியது. நாம் மறியல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2022-ல் வந்த அரசாணை 152-க்குப் பிறகு நகரங்களில் தூய்மைப் பணி மேலும் மேலும் ஒப்பந்தத்துக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் ஒப்பந்தமுறையை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததை மறந்துவிடக் கூடாது. சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் அவர்களுடைய உரிமை. அதோடு, பிரித்து வாங்கும் முறைக்கே அது அடித்தளம். எந்த வீட்டில் எப்படிச் சொன்னால் கேட்பார்கள் என்று ஒரு பணியாளருக்குத் தெரிய ஆண்டுகள் ஆகின்றன. ஒப்பந்தக்காரர் மாறும்போது ஆளும் மாறினால், அந்தச் சந்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது.

கிராமத்து விவசாயி ஒருவரின் வீட்டுத் திண்ணையில், உரக்கூடத்திலிருந்து கையோடு எடுத்துப் போன ஒரு பை உரத்தைக் கொட்டினேன். குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்துகொண்டிருந்தார். அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்தார். தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, குனிந்து விரலால் கோடு கோடாக நகர்த்திக்கொண்டே போனார். மூன்றாவது கோட்டில் நின்றார். அரிசி அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. எடுத்துத் திண்ணை ஓரத்தில் வைத்தார்.

“உரம் நல்லாத்தான் இருக்குங்க. கருப்பா, பொலபொலன்னு. இப்பல்லாம் கிடை போட ஆடு கிடைக்கிறதில்ல. தக்கைப்பூண்டு விதைக்கிறோம், அதுக்குத் தண்ணி வேணும். யூரியாவாலேயே மண்ணு இறுகிப்போச்சு. எனக்கு இது வேணும். ஆனா இதைப் பாருங்க.”

அவருக்குக் கண்ணாடி என்றாலே பயம். வரப்பில் உட்கார்ந்து குடித்துவிட்டு வயலில் வீசி உடைத்த பாட்டிலால் நடவாட்களின் கால் கிழிந்திருக்கிறது. டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் முறை 2022-ல் நீலகிரியில் தொடங்கி, திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவுக்கும் வந்தது. பாட்டில் கிடப்பது குறைந்திருப்பதாக அவர் சொன்னார். பத்து ரூபாய்க்காகப் பொறுக்கிப் போகவே ஆள் வருகிறார்களாம்.

“டவுன்ல இருக்கிறவங்க கண்ணாடியையும் சோத்தையும் தனியாப் போட்டா போதும். மத்ததை நாங்க பார்த்துக்குவோம்” என்றார். உரக்கூடத்தில் என்ன விலை என்று கேட்டார். எனக்குச் சும்மாதான் தந்தார்கள், விவசாயிகளுக்கும் அப்படியே, ஏற்றுக் கூலியும் வண்டி வாடகையும் உங்களுடையது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அப்படின்னா ஒரு டிராக்டர் எடுத்துக்கிட்டு வர்றேன். முதல்ல தென்னைக்குப் போடுறேன். அங்க யாரும் வெறுங்காலோட நடக்கிறதில்ல. ஒரு வருஷம் பார்க்கிறேன். துண்டு வரலைன்னா சம்பாவுக்கு வயல்ல இறக்குறேன். நடவுக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட நான்தானே பதில் சொல்லணும்?” என்றவர், உரக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும், வண்டி உள்ளே போக வாசல் போதுமா என்று விசாரிக்கத் தொடங்கினார்.